நாணலில் கட்டிய மஞ்சள் நாடா

"நில்லு! நில்லு! காலை எடு!"

கத்திக்கொண்டே ஆள்காட்டிக் குருவி ஒரு மனிதரின் தலையைப் பார்த்துப் பாய்ந்தது. அவருடைய பச்சைத் தொப்பி கழன்று புல்லில் விழுந்தது. தூக்கிய கால் தூக்கியபடியே நின்றது. அந்தக் காலணிக்கு நேர் கீழே, வெறும் மண்ணில், நான்கு முட்டைகள் கிடந்தன.

பறவை சொன்னது அவருக்குப் புரியவில்லை. 'டிட்டிடூயிட், டிட்டிடூயிட்' என்ற கூச்சல்தான் காதில் விழுந்தது. ஆனாலும் நின்றுவிட்டார்.

"பாய், அப்படியே இருங்க! காலைக் கீழ வெச்சிடாதீங்க!" என்றபடி பின்னாலிருந்து ஒரு பெண் ஓடிவந்தார்.

"என்ன டீச்சர்? எனக்கு ஒன்னும் தெரியலையே!"

"முட்டை! கூழாங்கல் மாதிரி இருக்கு பாருங்க. உங்க கட்டைவிரலுக்கு நேரா."

அன்வர்தீன் பாய் ஒற்றைக்காலில் தடுமாறிப் பின்னால் நகர்ந்தார். குமுதினி டீச்சர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து முட்டைகளைப் பார்த்தார். தொடவில்லை.

இருவரும் ஏரிக்கரைப் பூங்காவைப் பார்த்துக்கொள்ளும் குழுவைச் சேர்ந்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பச்சைத் தொப்பி போட்டுக்கொண்டு வருவார்கள். குப்பை பொறுக்குவார்கள். மண்சட்டிகளில் பறவைகளுக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். யாரும் அவர்களை வரச் சொல்லவில்லை. அவர்களாக வந்தார்கள்.

"நீங்க நின்னுட்டீங்க. அடுத்த ஆள் மிதிச்சிடுவான். ஏதாவது அடையாளம் வைக்கணும் பாய்."

மரக்கன்றுகளுக்குக் கட்ட வைத்திருந்த மூங்கில் குச்சி ஒன்று இருந்தது. மஞ்சள் நாடாவும் இருந்தது. முட்டைகளுக்கு ஓரடி தள்ளிக் குச்சியை ஊன்றி, அதன் தலையில் நாடாவைக் கட்டினார்கள். காற்றில் நாடா படபடத்தது.

"இனிமே பயமில்லை, கண்ணு," என்றார் டீச்சர், சற்றுத் தொலைவில் நின்று கத்திக்கொண்டிருந்த பறவையைப் பார்த்து.

அவர்கள் போனதும் ஆள்காட்டி ஓடிவந்து முட்டைகளின்மேல் உட்கார்ந்தது. ஆண்பறவை வந்து குச்சியைச் சுற்றிச்சுற்றி நடந்தது.

"எனக்கு இது பிடிக்கலை," என்றது. "நம்ம முட்டை மண்ணு நிறத்துல இருக்கறதே யார் கண்ணுக்கும் படக்கூடாதுன்னுதான். இப்ப ஊருக்கே தெரியற மாதிரி கொடி பறக்குது."

"போன வருஷம் யார் கண்ணுக்கும் படலை. அதனாலதான் மிதிபட்டுச்சு. மறந்துட்டியா?"

ஆண்பறவையும் மறக்கவில்லை. போன வருஷம் நடைப்பயிற்சிக்கு வந்த ஒருவர் காதில் ஒயரைச் செருகிப் பாட்டுக் கேட்டபடி நேராக நடந்து வந்தார். இரண்டு பறவைகளும் கத்திய கத்தல் அவருக்குக் கேட்கவேயில்லை. மிதித்தபின் காலணியின் அடியை ஒருமுறை பார்த்தார். புல்லில் துடைத்துக்கொண்டார். பிறகு அதே வேகத்தில் நடந்துபோனார்.

நாடா கட்டிய பிறகு அப்படி எதுவும் நடக்கவில்லை. நடக்க வந்தவர்கள் குச்சியைப் பார்த்து விலகிப் போனார்கள். பந்து விளையாடிய பிள்ளைகள்கூடத் தள்ளிப்போய் விளையாடினார்கள். ஆள்காட்டி வெகுநாட்களுக்குப் பிறகு பகலில் ஒரு கண்ணை மூடியது.

அப்போதுதான் காக்கை வந்தது.

அந்தக் காக்கையைப் பூங்காவில் தெரியாதவர் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அதுவும் வேலை செய்யும். சிப்ஸ் பாக்கெட்டைக் கவ்விவந்து கோணிப்பைக்குள் போடும். "வந்துட்டாரு நம்ம சூப்பர்வைசர்!" என்று பச்சைத் தொப்பிக்காரர்கள் சிரிப்பார்கள். வறுத்த கடலை போடுவார்கள். கடலையைத் தின்றுவிட்டு அடுத்த பாக்கெட்டைத் தேடிப் போகும்.

"என்ன தங்கச்சி, இப்பத்தான் நிம்மதியா இருக்கே போல!" என்றது காக்கை.

"ஆமாண்ணே. புண்ணியவான்கள். அவங்க நல்லா இருக்கணும்."

"நானும் அந்தக் குழுவுல ஒரு ஆளுதானே? ஞாயித்துக்கிழமை அவங்க பாத்துக்குவாங்க. மத்த நாளு யாரு பாக்கறது? நான்தான்! அதோ, அந்த விளக்குக் கம்பத்து மேல உட்கார்ந்துக்குவேன். நாயோ கீரியோ வந்தா ஒரு குரல் கொடுக்கறேன். நீங்க ரெண்டு பேரும் போய் விரட்டிடுங்க."

"உங்களுக்கு எதுக்குண்ணே சிரமம்?"

"சிரமம் என்ன சிரமம்! தொண்டுன்னு வந்தாச்சு."

மறுநாள் மத்தியானம் விளக்குக் கம்பத்திலிருந்து குரல் வந்தது. "நாய்! நாய்! பின்பக்க வாசல்ல நாய்!"

இரண்டு ஆள்காட்டிகளும் கத்திக்கொண்டு பின்பக்க வாசலுக்குப் பறந்தன. ஒன்று மட்டும் போனால் நாயை விரட்ட முடியாது. அங்கே நாய் இல்லை. வாசல் இரும்புக்கதவு சாத்தியே கிடந்தது. திரும்பி வந்தபோது முட்டைகளில் ஒன்றைக் காணவில்லை.

"கீரி!" என்றது காக்கை, மூச்சுவாங்கியபடி. "அந்தப் பக்கம் நாயைப் பாத்துட்டு இந்தப் பக்கம் திரும்பறேன், கீரி கவ்விட்டு ஓடறான்! தனியாளு நான் என்ன பண்ணுவேன், சொல்லு?"

ஆள்காட்டி மீதி முட்டைகளை அலகால் நெருக்கி வைத்துக்கொண்டது. காக்கைக்கு நன்றி சொல்லவும் மறக்கவில்லை.

வாரம் முடிவதற்குள் இன்னும் மூன்று முறை 'நாய்' என்ற குரல் வந்தது. மூன்று முறையும் வாசல் சாத்தியிருந்தது. கடைசி முறை திரும்பி வந்தபோது குழியும் குச்சியும் நாடாவும் மட்டும் இருந்தன.

ஆண்பறவை எங்கோ பறந்துபோனது. ஆள்காட்டி வெறும் குழியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தது. பிறகு எழுந்து, எங்கே போகிறோம் என்று தெரியாமல் நடந்து, குளத்தின் மூலையில் நாணல் அடர்ந்திருந்த இடத்துக்கு வந்து நின்றது.

"வெயில்ல ஏன் நிக்கறே? உள்ள வா," என்றது நாணலுக்குள்ளிருந்து ஒரு குரல்.

அங்கே கானாங்கோழி இருந்தது. கறுத்த முதுகும் வெள்ளை நெஞ்சுமாக, ஓயாமல் வாலை ஆட்டிக்கொண்டிருக்கும் பறவை. பூங்காவில் அதிகம் வெளியே வராது. வந்தாலும் ஒரு சத்தம் கேட்டால் நாணலுக்குள் ஓடிவிடும். 'பயந்தாங்கொள்ளி அக்கா' என்றுதான் மற்றவர்கள் அதைச் சொல்வார்கள்.

"எல்லாம் போச்சுக்கா," என்றது ஆள்காட்டி. "கீரி."

"கீரியா? யார் சொன்னா?"

"காக்கா அண்ணன்."

கானாங்கோழி வாலாட்டுவதை நிறுத்தியது. "கீரி இந்தப் பூங்காவை விட்டுப் போய் எவ்வளவு காலமாச்சு தெரியுமா? உன் முட்டையைத் தின்னது உன் காவல்காரன்தான்."

"அவனா? இருக்காதுக்கா! என் முட்டை அவன் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. பக்கத்துல நின்னாலும் மண்ணுன்னு நினைப்பான்."

"முட்டை எதுக்குத் தெரியணும்? குச்சி தெரிஞ்சாப் போதாதா? நான் இங்கேயிருந்து பார்த்துட்டேதான் இருக்கேன். நெட்டைக்காலிக் குருவி கூட்டுக்குப் பக்கத்துல ஒரு நாடா கட்டினாங்க. காடை கூட்டுல ஒன்னு கட்டினாங்க. அவன் தேடவே மாட்டேங்கறான், தங்கச்சி. நாடாவுக்கு நாடா நடந்து போறான், கறிக்கடைக்குப் போற மாதிரி."

"அந்த டீச்சர் நல்லவங்கதானேக்கா?"

"நல்லவங்கதான். அதுதான் தொல்லை. கெட்டவங்கன்னா பார்த்ததும் ஓடிரலாம்."

பிறகு கானாங்கோழி நாணல் தாள்களை ஒரு பக்கமாக ஒதுக்கியது. தண்ணீருக்குச் சற்று மேலே, தாள்களை மடித்து வைத்த ஒரு மேடை இருந்தது.

"என் கூடு. இன்னும் முட்டை வைக்கலை. மழை விழுந்ததும் வைப்பேன். யாருக்கும் காட்டினதில்லை. மனசு சரியில்லைன்னா நீ எப்ப வேணா வந்து இங்க உட்காரு. நிழல் இருக்கு."

ஞாயிற்றுக்கிழமை பச்சைத் தொப்பிக்காரர்கள் வந்தார்கள். டீச்சர் குழியைப் பார்த்துக் கைதட்டினார். "பாய்! எல்லாம் பொரிச்சாச்சு!"

அன்வர்தீன் பாய் குனிந்து பார்த்தார். "ஓட்டுத்துண்டு ஒன்னுகூடக் காணோமே டீச்சர்?"

"எறும்பு இழுத்துட்டுப் போயிருக்கும். இந்தக் குஞ்சுங்க பொரிச்ச அன்னைக்கே ஓட ஆரம்பிச்சிடும், தெரியுமா? கூட்டுலேயே இருக்காது."

எல்லாரும் கைதட்டினார்கள். கடலை மிட்டாய் கொடுத்துக்கொண்டார்கள். காலிக் குழிக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். காக்கை கோணிப்பையில் ஒரு தண்ணீர் பாட்டில் மூடியைப் போட்டது. அதற்கும் ஒரு துண்டு கடலை மிட்டாய் கிடைத்தது.

நாடாவை அவிழ்த்து டீச்சர் பையில் வைத்துக்கொண்டார். அடுத்த கூட்டுக்கு ஆகும்.

மழை விழுந்தது. ஆள்காட்டி மறுபடி முட்டை வைத்தது. இந்த முறை மோட்டார் அறைக்குப் பின்னால் கொட்டிக்கிடந்த ஜல்லிக்கு நடுவில். அந்தப் பக்கம் யாரும் நடப்பதில்லை. ஜல்லியோடு ஜல்லியாக முட்டைகள் கிடந்தன. சில சமயம் அதற்கே எது கல், எது முட்டை என்று ஒரு கணம் தெரியாமல் போகும்.

காக்கைக்கும் தெரியவில்லை. ஆனால் அது முட்டாள் இல்லை. ஆள்காட்டியின் வயிறு நனைந்திருப்பதைப் பார்த்தது. வெயில் நேரத்தில் குளத்தில் வயிற்றை நனைத்துக்கொண்டு போய் முட்டைகளைக் குளிரவைப்பது ஆள்காட்டிகளின் வழக்கம்.

"தங்கச்சி, விசேஷம் போல! எங்க வெச்சிருக்கே?"

"ஒன்னுமில்லை. வெயிலுக்குக் குளிச்சேன்."

"என்கிட்ட ஏன் மறைக்கறே? பச்சைத் தொப்பிக்காரங்ககிட்டச் சொல்லணுமில்லையா?"

"போ! உன்னை எனக்குத் தெரியும்!"

காக்கை கோபப்படவில்லை. தலையைச் சாய்த்து அதைப் பார்த்தது.

"தெரிஞ்சுக்கிட்டியா? சரி, நல்லதாப் போச்சு. இனிமே நடிக்க வேண்டாம். ஞாயித்துக்கிழமை அவங்க வருவாங்க. இந்தத் தடவை மோட்டார் அறைப் பக்கமும் குப்பை எடுக்கணும்னு பேசிக்கிட்டாங்க, கேட்டேன். கூட்டுக்கிட்டக் கால் வந்தா உன்னால கத்தாம இருக்க முடியாது. உன் பிறப்பு அப்படி. நீ கத்துவே, அவங்க நாடா கட்டுவாங்க, நான் வருவேன். அவ்வளவுதான்."

அந்த வாரம் முழுக்க ஆள்காட்டி கத்தாமல் இருக்கப் பழகியது. பூனை வந்தபோது அலகை இறுக மூடிக்கொண்டது. தொண்டைக்குள் கத்தல் புரண்டது. மூடிய அலகின் ஓரத்திலிருந்து ஒரு சின்னச் சத்தம் கசிந்தது. ஆண்பறவை பயந்துபோய் அதைப் பார்த்தது.

"முடியலை," என்றது ஆள்காட்டி. "சாகப்போற மாதிரி இருக்கு."

"இரு. முட்டைக்குள்ள அசைவு தெரியுது. இன்னும் கொஞ்ச நாள்தான்."

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பச்சைத் தொப்பிக்காரர்கள் கோணிப்பைகளோடு வரிசையாக மோட்டார் அறைப் பக்கம் நடந்து வந்தார்கள். விளக்குக் கம்பத்தில் காக்கை உட்கார்ந்திருந்தது. அது தொப்பிகளைப் பார்க்கவில்லை. ஆள்காட்டியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தது.

ஆள்காட்டி முட்டைகளிலிருந்து எழுந்து, குனிந்தபடி கற்களுக்கு நடுவே ஓடியது. கால்கள் நெருங்கி வந்தன. அன்வர்தீன் பாயின் காலணி ஜல்லியில் நொறுநொறுவென்றது. கத்தல் வயிற்றிலிருந்து கிளம்பி மேலே வந்தது. அடக்க முடியாது என்று அதற்குத் தெரிந்தது. இன்னும் ஒரு கணம்தான் இருந்தது.

அந்தக் கணத்தில் ஆள்காட்டி பறந்தது. பூங்காவின் குறுக்கே பறந்து, குளத்தின் மூலைக்குப் போய், நாணலுக்கு மேலே வட்டமிட்டுக் கத்தியது. "நில்லு! நில்லு! இங்க வராதே! இங்க வராதே!"

அந்த இடத்தை நான் தேர்ந்தெடுக்கவில்லை என்று பிறகு அது தனக்குத்தானே சொல்லிக்கொண்டது. ஆனால் பூங்கா பெரியது. கத்துவதற்கு இடம் நிறைய இருந்தது.

"டீச்சர்! அங்க கத்துது பாருங்க! கூடு அங்கதான் இருக்கு!"

கோணிப்பைகளைப் போட்டுவிட்டு எல்லாரும் குளத்துப் பக்கம் ஓடினார்கள். ஜல்லியில் யாரும் கால் வைக்கவில்லை. அன்வர்தீன் பாய் செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றில் இறங்கி நாணலை விலக்கினார்.

"இது ஆள்காட்டி முட்டை மாதிரி இல்லையே டீச்சர்! மேடை மாதிரி கட்டியிருக்கு."

"கானாங்கோழி! அடேயப்பா, இதைக் கண்டுபிடிக்கறதே கஷ்டம். எதுவா இருந்தா என்ன, கட்டுங்க பாய். நல்லா இறுக்கிக் கட்டுங்க. குளத்துல படகு விடறவங்க கண்ணுக்குத் தெரியணும்."

உயரமான நாணல் தாள்களை ஒன்றாகச் சேர்த்து மஞ்சள் நாடாவை இறுக்கிக் கட்டினார்கள். விளக்குக் கம்பத்திலிருந்த காக்கை நாணலைப் பார்த்தது. பிறகு ஆள்காட்டியைப் பார்த்தது. ஒருமுறை கரைந்துவிட்டுப் பறந்துபோனது.

ஆள்காட்டி ஜல்லிக்குத் திரும்பியது. ஆண்பறவை முட்டைகளுக்குப் பக்கத்தில் நின்றிருந்தது.

"அங்க ஏன் கத்தினே?"

"நீ கத்தியிருந்தா எங்க கத்தியிருப்பே?"

ஆண்பறவை சற்றுத் தள்ளிப்போய், வேறு பக்கம் திரும்பி நின்றுகொண்டது.

வெயில் சாய்ந்தபோது கானாங்கோழி வந்தது. நாணலை விட்டு இவ்வளவு தூரம் அது ஒருநாளும் வந்ததில்லை. ஒவ்வொரு செடிக்கும் ஒளிந்து ஒளிந்து வந்திருந்தது.

"தங்கச்சி! நாடா கட்டிட்டாங்க!"

"பார்த்தேன்கா."

"நீ வந்து கத்தினே பாரு, அதைக் கேட்டுத்தான் நான் தண்ணியில இறங்கி ஒளிஞ்சேன். இல்லைன்னா அந்த பாய் கால் என் மேலேயே பட்டிருக்கும். உன் முட்டையை விட்டுட்டு எனக்காக வந்து கத்தினியே! அதை நான் மறக்கமாட்டேன்."

ஆள்காட்டி தரையைப் பார்த்தது.

"ஆனா இப்ப நாடா இருக்கே," என்றது கானாங்கோழி. "நான் இழுத்துப் பார்த்தேன். முடிச்சு அசையலை. நீ வந்து ஒரு பக்கம் இழு, நான் ஒரு பக்கம் இழுக்கறேன். ரெண்டு பேர் இழுத்தா வந்துடும். விடியறதுக்குள்ள அவிழ்த்துட்டாப் போதும். வா, தங்கச்சி!"

இரண்டும் நாணலுக்குப் போயின. கானாங்கோழி ஒரு நுனியைக் கவ்வியது. ஆள்காட்டி மறு நுனியைக் கவ்வியது. நாடா அலகில் வழவழவென்று இருந்தது. முடிச்சு ஒன்றும் பெரிய முடிச்சு இல்லை என்று ஆள்காட்டிக்குக் கவ்வியதுமே தெரிந்தது. இழுத்தால் வந்துவிடும். வந்துவிட்டால் காலையில் காக்கை இங்கே எதையும் பார்க்காது. இங்கே எதையும் பார்க்காவிட்டால் அங்கே வரும். ஜல்லியைக் கல் கல்லாகப் புரட்டும். காக்கைக்கு நேரம் நிறைய இருந்தது.

"இழு!" என்றது கானாங்கோழி, நாடாவைக் கவ்விய வாயோடு. "இழு! இன்னும்!"

ஆள்காட்டி கால்களை ஊன்றிக்கொண்டது. கழுத்தை நீட்டியது. இறகுகளைச் சிலிர்த்துக்கொண்டது. இழுக்கவில்லை.

கானாங்கோழி இழுத்து இழுத்துச் சேற்றில் விழுந்தது. எழுந்து மறுபடி கவ்வியது. இருட்டும்வரை இழுத்தது. கடைசியில் அதுதான் சொன்னது.

"போதும். நீ போ. உன் முட்டை குளிர்ந்துடும். நீயும்தான் எவ்வளவு இழுப்பே, பாவம்."

ஆள்காட்டி போனது.

விடியும்போது காக்கை தன் மச்சானையும் கூட்டிக்கொண்டு வந்தது. கானாங்கோழி கூட்டை விட்டு எழவில்லை. பயந்தாங்கொள்ளி என்று பெயர் வாங்கிய பறவை அன்றைக்கு அலகாலும் காலாலும் அடித்தது. ஆனால் மச்சான் பின்னாலிருந்து வாலைப் பிடித்து இழுத்தது. கானாங்கோழி திரும்பிக் கொத்துவதற்குள் காக்கை முன்னாலிருந்து ஒரு முட்டையை எடுத்துக்கொண்டது. பிறகு காக்கை வாலை இழுத்தது. மச்சான் எடுத்துக்கொண்டது. அவை அவசரப்படவில்லை.

"தங்கச்சி! தங்கச்சி, ஓடி வா!" என்ற சத்தம் குளத்தைத் தாண்டி ஜல்லிவரை கேட்டது.

ஆள்காட்டி முட்டைகளின்மேல் உட்கார்ந்திருந்தது. எழுந்தால் இடம் தெரிந்துவிடும் என்று நினைத்தது. வயிற்றுக்குக் கீழே ஒரு தட்டல் கேட்டது. பிறகு இன்னொன்று. குஞ்சு முட்டை ஓட்டை உள்ளேயிருந்து தட்டிக்கொண்டிருந்தது. ஆள்காட்டி தலையைத் தாழ்த்தி அந்தத் தட்டலையே கேட்டது. வேறு எதுவும் கேட்காதபடி கேட்டது. சத்தம் எப்போது நின்றது என்று அதற்குத் தெரியவில்லை.

நான்கு குஞ்சுகளும் பொரித்தன. அன்றைக்கே எழுந்து ஓடின. ஜல்லியில் நின்றால் கல், மண்ணில் படுத்தால் மண். ஆண்பறவை அவற்றுக்குப் பூச்சி காட்டிக் கொடுத்தது. ஆள்காட்டியோடு அது அதிகம் பேசவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாணலை விலக்கிப் பார்த்துவிட்டு டீச்சர் கைதட்டினார். "இதுவும் பொரிச்சாச்சு, பாய்! இந்த வருஷம் ஒன்னுகூட வீணாகலை!"

"நம்ம கைராசி நல்ல கைராசிதான் டீச்சர்!" என்று சிரித்த அன்வர்தீன் பாய் நாடாவில் ஆள்காட்டி கவ்வியிருந்த அதே நுனியைப் பிடித்து லேசாக இழுத்தார். முடிச்சு உடனே அவிழ்ந்தது.

கரையில் சேற்றைக் கிளறிக்கொண்டிருந்த கானாங்கோழி தலையைத் தூக்கி அதைப் பார்த்தது. கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு திரும்பி, தொலைவில் நின்ற ஆள்காட்டியைப் பார்த்தது. மறுபடி சேற்றைக் கிளற ஆரம்பித்தது.

தொப்பிகள் போன பின் வெயில் ஏறியது. ஆள்காட்டியின் குஞ்சுகளில் ஒன்று கூட்டத்தை விட்டு விலகித் தண்ணீர்ப் பக்கம் ஓடியது. ஈரச்சேறு கறுப்பாக இருந்தது. அங்கே மண்நிறக் குஞ்சு பளிச்சென்று தெரிந்தது. அதற்குமேல் காக்கையின் நிழல் வழுக்கிக்கொண்டு வந்தது.

ஆள்காட்டி அலகைத் திறந்தது. கத்தல் வரவில்லை. எந்தப் பெயரைச் சொல்லி, யாரைக் கூப்பிடுவது என்று அதற்குத் தெரியவில்லை.

கானாங்கோழி சேற்றிலிருந்து தலையைத் தூக்கவில்லை. பக்கவாட்டில் கொஞ்சம் நகர்ந்து, சோம்பல் முறிப்பதுபோல ஒரு சிறகை விரித்தது. குஞ்சு அதற்கு அடியில் போனது. காக்கை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு விளக்குக் கம்பத்துக்குத் திரும்பும்வரை அந்தச் சிறகு விரிந்தபடியே இருந்தது. பிறகு கானாங்கோழி அதை மடக்கிக்கொண்டு புழு தேடியது.

தன் வாசலுக்கு வந்த ஆபத்தை அடுத்தவர் வாசலுக்குத் திருப்பிவிடுகிறவர் அந்த ஆபத்துக்கே ஊழியம் செய்கிறார்.